திறந்த கதவும் பூட்டிய கதவும்: பெல் ஆய்வுகூட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பெருங் கம்பனிகள் அறிவை உண்டாக்கும் இடங்களாகவும் அவ்வறிவைப் பூட்டி வைக்கும் இடங்களாகவும் இருந்து வந்துள்ளன. முரண்பட்ட இவ்விரு இயல்புகளும் ஒரே நிறுவனத்தினுள்ளே ஒரே காலத்தில் அருகருகே காணப்படுவதுமுண்டு. அமெரிக்க முகாமைத்துவ அறிஞரான ஹென்றி செஸ்புரோ 2003 இல் வெளியிட்ட நூலொன்றின் வழியாகத் ‘திறந்த புத்தாக்கம்’ என்னும் தொடர் பரவலான வழக்கைப் பெற்றது. ஒரு கம்பனி தன் ஊழியரது அறிவை மட்டும் நம்பியிராது வெளியாரின் அறிவையும் பயன்படுத்த வேண்டும். தான் பயன்படுத்தாத கண்டுபிடிப்புக்களை வெளியே செல்லவும் விட வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பின்னர் இது பெருங் கம்பனிகளின் தலைவர்களுக்கு ஓர் அறிவுரையாகக் கூறப்பட்டு வருகின்றது. தலைவர்கள் மனத்தைத் திறந்தால் கதவுகளும் தாமாகத் திறக்கும் என்ற எண்ணம் இவ்வறிவுரையின் அடியில் மறைந்துள்ளது. இவ்வெண்ணத்தை வரலாறு ஏற்கின்றதா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு விடை காண ஐக்கிய அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தை எடுத்துக்கொள்வோம். 1947 இல் திரான்சிற்றரும், 1948 இல் குளோட் ஷானனின் தகவற் கோட்பாடும், 1954 இல் சிலிக்கன் சூரிய மின்கலமும், 1969 இல் யுனிக்ஸ் என்னும் கணனிப் பணிசெயல் முறைமையும் இங்கிருந்தே வெளிவந்தன. இவற்றுள் திரான்சிற்றர், யுனிக்ஸ் ஆகிய இரண்டின் வரலாறும் எமது நோக்கத்துக்குப் பெரிதும் பொருந்துவன. ஒரு கம்பனியினுள்ளே மனிதர் எவ்வாறு கூடி உழைத்தனர், அவ்வுழைப்பின் பயன் எவ்வாறு வெளியே சென்றது என்ற இரு வினாக்களையும் அவற்றிலே தெளிவாக வேறுபடுத்திக் காணலாம்.

முதற்கண் இவ்வாய்வுகூடத்தின் பொருளாதார அடித்தளத்தை நோக்குதல் தகும். இது 1925 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே தனிக் கம்பனியாக அமைக்கப்பட்டது. அமெரிக்கத் தொலைபேசித் தந்திக் கம்பனியும் அதன் உற்பத்திப் பிரிவான வெஸ்ரேண் இலெக்ரிக் கம்பனியும் இதன் உடைமையாளர்களாக இருந்தன. நாட்டின் தொலைபேசிச் சேவையின் பெரும் பகுதி இக்குழுமத்தின் கையிலேயே இருந்தது. குழுமத்தைச் சேர்ந்த உள்ளூர்த் தொலைபேசிக் கம்பனிகள் தம் வருவாயில் ஒரு பங்கினைத் தலைமைக் கம்பனிக்குச் செலுத்தின. அடிப்படை ஆய்வுக்கான செலவு அப்பணத்திலிருந்தே வந்தது. எனவே தொலைபேசியிலே பேசிய ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே அவ்வாய்வுக்குப் பணம் செலுத்தினர் எனலாம். அடுத்த ஆண்டு இலாபம் குறையுமோ என்ற அச்சமின்றிப் பத்து அல்லது இருபது ஆண்டுகளுக்குப் பின் பயன் தரக்கூடிய ஆய்வினை மேற்கொள்ள இயன்றமைக்கு இந்த ஏகபோக வருவாயே காரணமாயிற்று. ஆய்வுகூடத்தின் புகழைப் பாடுவோர் சிலர் இவ்வுண்மையைப் போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

பணம் மட்டும் கூட்டு முயற்சியை உண்டாக்கிவிடாது. அதற்கான அமைப்பினை உருவாக்கியவருள் முதன்மையானவர் மேர்வின் கெலி ஆவார். பௌதிகவியலாளராகச் சேர்ந்து 1951 இல் ஆய்வுகூடத்தின் தலைவராக உயர்ந்த இவர், 1950 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் முன் தமது நிறுவனத்தின் அமைப்பு முறையை விளக்கி உரையாற்றியமை குறிப்பிடத்தக்கது. நியூ ஜேர்சி மாநிலத்தின் மறே ஹில் என்னுமிடத்திலே 1940களின் தொடக்கத்தில் எழுந்த புதிய கட்டடம் நீண்ட இடைவழிகளைக் கொண்டது. ஓர் ஆய்வாளர் தமது அறையிலிருந்து உணவுச்சாலைக்குச் செல்லும்போது வேறு துறையினர் பலரைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. அறைகளைப் பிரித்த சுவர்கள் தேவைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடியனவாக இருந்தன. பௌதிகவியலாளர், இரசாயனவியலாளர், உலோகவியலாளர், பொறியியலாளர் ஆகியோரைத் துறைவாரியாகத் தனித்தனிக் கட்டடங்களில் இருத்தாமல் ஒருங்கே இருத்தினர். வெஸ்ரேண் இலெக்ரிக்கின் தொழிற்சாலைகளிலே ஆய்வுகூடத்தின் கிளைகளை நிறுவியமையும் கெலியின் திட்டமே. கண்டுபிடிப்போர் ஓரிடத்திலும் செய்வோர் வேறோரிடத்திலும் இருந்தால் இடையிலே பல அறிவுகள் தொலைந்து போகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவ்வமைப்பின் பயனைத் திரான்சிற்றரின் பிறப்பிலே காணலாம். தொலைபேசி இணைப்புக்களிலே பயன்பட்ட வெற்றிடக் குழாய்கள் மிகுந்த மின்சக்தியை உண்டன. சூடேறி அடிக்கடி பழுதடைந்தன. அவற்றுக்கு மாற்றுக் காண 1945 இல் திண்மநிலைப் பௌதிகக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவர் வில்லியம் ஷொக்லி. கோட்பாட்டிலே வல்லவரான ஜோன் பார்டீனும் பரிசோதனையிலே கைதேர்ந்த வோல்ற்றர் பிறற்றெயினும் அக்குழுவிலே ஒருவர் குறையை மற்றவர் நிறைத்து உழைத்தனர். 1947 டிசெம்பர் 16 ஆம் திகதி ஜேர்மானியத் துண்டொன்றின் மீது இரு பொன் முனைகளை மிக நெருக்கமாக அழுத்தி மின்சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டினர். ஒரு வாரத்தின் பின் மேலதிகாரிகளுக்கு அதனைச் செய்து காட்டினர். ஆயின் அத்துண்டினைச் சாதாரணத் தொழிற்சாலைப் பொருளாக மாற்றியவர் பௌதிகவியலாளர் மட்டுமல்லர். வில்லியம் பான் என்பவர் வகுத்த வலயத் தூய்மையாக்க முறையும், கோர்டன் ரீல் வளர்த்த ஒற்றைப் பளிங்குகளும் இல்லையேல் அக்கண்டுபிடிப்பு ஆய்வுமேசையிலேயே நின்றிருக்கக்கூடும்.

கூட்டு முயற்சியின் மறுபக்கத்தையும் ஈண்டு மறைத்தலாகாது. முதற் கண்டுபிடிப்பிலே தமக்கு நேரடிப் பங்கில்லாமற் போனமை ஷொக்லியை வருத்தியது. சில வாரங்களுள் அவர் தனித்திருந்து சந்தித் திரான்சிற்றரின் கோட்பாட்டை வகுத்தார். அதனைத் தம் குழுவினரிடமும் முதலில் வெளியிடவில்லை. இக்கோட்பாடு முன்னையதிலும் பயன்மிக்கதாக அமைந்தது என்பது உண்மையே. எனினும் குழு சிதைந்தது. பார்டீன் 1951 இல் இலினோய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மூவரும் 1956 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவர்கள் ஏற்கெனவே பிரிந்துவிட்டிருந்தனர். நீண்ட இடைவழிகள் மனிதரைச் சந்திக்க வைக்கும்; பெருமையைப் பங்கிடும் வழியை அவை கற்பிக்கமாட்டா.

இனி, அறிவு வெளியே சென்ற வரலாற்றை நோக்குவோம். 1948 யூன் 30 ஆம் திகதி நியூயோர்க்கிலே திரான்சிற்றர் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. 1949 ஜனவரியிலே அமெரிக்க நீதித் திணைக்களம் தொலைபேசிக் கம்பனி மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. வெஸ்ரேண் இலெக்ரிக் கம்பனியைக் குழுமத்திலிருந்து பிரிக்க வேண்டுமென்பது அதன் கோரிக்கை. இத்தகைய வழக்கு நிலுவையில் இருக்கும்போது புதிய கண்டுபிடிப்பொன்றைத் தன் கைக்குள் மறைத்து வைப்பது கம்பனிக்கு உகந்ததன்று. மேலும், குறைகடத்தித் தொழில்நுட்பம் பல கைகளிற் சென்றால் விரைவில் வளரும்; உரிமம் பெறுவோரின் ஆக்கவுரிமைகளைத் தானும் பயன்படுத்தும் ஏற்பாட்டினால் அவ்வளர்ச்சியின் பயன் தனக்கும் வந்து சேரும் எனவும் கம்பனி கணித்தது. ஆகவே சட்டத்தின் அச்சமும் சொந்த நலனும் ஒருங்கே சேர்ந்து கதவைத் திறந்தன.

அக்கதவு திறக்கப்பட்ட முறை கூர்ந்து அவதானிக்கத்தக்கது. 1952 ஏப்ரிலிலே, 25,000 டொலரை முற்பணமாகச் செலுத்தி உரிமம் பெற்ற உள்நாட்டு, வெளிநாட்டுக் கம்பனிகளின் பிரதிநிதிகளுக்காக ஆய்வுகூடம் ஒரு கருத்தரங்கினை நடத்தியது. ஏறத்தாழ நாற்பது கம்பனிகள் கலந்துகொண்ட அக்கருத்தரங்கு ஒரு வாரத்துக்கு மேலாக நீடித்தது. பளிங்கினை வளர்க்கும் விதம், தூய்மையாக்கும் விதம், இணைக்கும் விதம் ஆகியன செய்முறையோடு கற்பிக்கப்பட்டன. பென்சில்வேனியாவின் அலன்ரவுண் தொழிற்சாலையும் காட்டப்பட்டது. அவ்வுரைகள் பின்னர் இரு தொகுதிகளாக அச்சிடப்பட்டபோது, துறையினர் அதனைத் ‘தாய் பெல்லின் சமையற் புத்தகம்’ என வேடிக்கையாக அழைத்தனர். இப்பெயரிலே ஆழ்ந்த பொருளுண்டு. ஆக்கவுரிமைப் பத்திரம் ஒரு பொருள் யாது என்பதைக் கூறும். அதனைச் செய்யும் கைப்பக்குவத்தை முற்றாகக் கூறாது. கறிக்குத் தேவையான சரக்குகளின் பட்டியலைப் பெற்றவர் அனைவரும் சமைத்துவிட முடியாதல்லவா? அறிவைத் திறந்து விடுதல் என்பது உரிமத்தை வழங்குவதோடு நில்லாது கற்பிப்பதையும் உள்ளடக்குகின்றது என்பதற்கு 1952 ஆம் ஆண்டுக் கருத்தரங்கு தக்க சான்றாகும்.

அதன் விளைவுகள் விரைவிலே தோன்றின. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் கிரகம் பெல் செவிப்புலனற்றோருக்குக் கல்வி புகட்டியவர். அவர் நினைவாகச் செவிப்புலன் உதவிக் கருவிகளுக்கு உரிமக் கட்டணம் விதிப்பதைக் கம்பனி தவிர்த்தது. எனவே திரான்சிற்றர் முதன்முதலில் மக்களின் அன்றாட வாழ்விலே புகுந்தது அக்கருவிகளின் வழியாகவே. ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் என்னும் கம்பனி பெல் ஆய்வுகூடத்திலிருந்த கோர்டன் ரீலைத் தன்பால் ஈர்த்து, 1954 இல் சிலிக்கன் திரான்சிற்றரை வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரிலே அதன் திரான்சிற்றர்களைக் கொண்ட சிறிய வானொலிப் பெட்டியும் 49.95 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. யப்பானிலே தோக்கியோ சூஷின் கோக்யோ என்ற சிறு கம்பனி உரிமம் பெற முனைந்தபோது, அந்நியச் செலாவணியைச் செலவிடுவதற்கான அரசின் அனுமதி எளிதிற் கிடைக்கவில்லை. அனுமதி பெற்ற பின் 1955 இல் அது தனது முதலாவது திரான்சிற்றர் வானொலியை விற்றது. 1958 இல் அக்கம்பனி சோனி எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஷொக்லியும் ஆய்வுகூடத்தை விட்டு நீங்கிக் கலிபோர்ணியாவிலே 1956 இல் தமது ஆய்வகத்தை நிறுவினார். அவருடன் முரண்பட்ட எண்மர் 1957 இல் பெயர்சைல்ட் கம்பனியைத் தொடங்கினர். இவ்வாறு, உரிமத்தோடு மனிதரும் இடம்பெயர்ந்தமையால் அறிவு பரவிற்று.

1949 இல் தொடுக்கப்பட்ட வழக்கு 1956 ஜனவரி 24 ஆம் திகதி இணக்கத் தீர்ப்புடன் முடிவுற்றது. குழுமம் பிரிக்கப்படவில்லை. அதற்கு மாறாக, அது தொலைத்தொடர்புச் சேவைக்கு வெளியே வேறு வணிகத்தில் ஈடுபடலாகாது எனவும், அதுவரை பெற்றிருந்த 7,820 ஆக்கவுரிமைகளை அமெரிக்கக் கம்பனிகளுக்குக் கட்டணமின்றி வழங்க வேண்டுமெனவும் விதிக்கப்பட்டது. இத்தீர்ப்பின் விளைவைப் பற்றிப் பொருளியலாளர் நால்வர் 2020 இல் வெளியிட்ட ஆய்வு எமது வினாவுக்கு மிக நெருங்கியது. அத்தீர்ப்பின் பின் பெல்லின் கண்டுபிடிப்புக்களை அடியாகக் கொண்ட புதிய ஆக்கங்கள் பெருகின. இளைய, சிறிய கம்பனிகள் அதிலே பெரும் பங்கு வகித்தன. ஆனால் தொலைத்தொடர்புத் துறையிலே அத்தகைய பெருக்கம் ஏற்படவில்லை. அங்கே கொள்வனவு செய்வோரும் உற்பத்தி செய்வோரும் பெல் குழுமத்தினராகவே இருந்தமையால், கட்டணமற்ற உரிமம் கையிலிருந்தும் புதியவர் நுழைவதற்குச் சந்தை இல்லை. பத்திரம் திறந்திருந்தது, வாயில் அடைத்திருந்தது.

கம்பனியின் மனப்பாங்கு எத்தகையது என்பதை அதே 1956 ஆம் ஆண்டின் மற்றொரு வழக்கு நன்கு உணர்த்தும். தொலைபேசியிலே பேசுபவரின் குரல் அருகிலிருப்போருக்குக் கேளாதபடி வாய்ப்புறத்தில் பொருத்தும் கிண்ணம் போன்ற எளிய கருவியொன்று ‘ஹஷ்-ஏ-போன்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. வெளியார் செய்த எதனையும் தன் தொலைபேசியிற் பொருத்தலாகாது எனக் கம்பனி அதனைத் தடுத்தது. தொலைத்தொடர்பு ஆணைக்குழுவும் கம்பனியின் பக்கமே நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றமே 1956 இல் அத்தடையை நிராகரித்தது. குறைகடத்தி யுகத்துக்கே வழி திறந்த நிறுவனம், ஒரு சிறு கிண்ணத்துக்குத் தன் தொலைபேசியிலே இடந்தர மறுத்தது! தன் வருவாயின் ஊற்றைத் தொடாத இடத்திலே அது தாராளமாக இருந்தது; தொடும் இடத்திலே இறுகியிருந்தது. இதனைத் தனிமனிதரின் நற்பண்பு அல்லது தீப்பண்பு கொண்டு விளக்குதல் இயலாது.

இரண்டாவது சான்றாகிய யுனிக்ஸின் வரலாறு இம்முடிவை மேலும் உறுதிப்படுத்துகின்றது. மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம், ஜெனரல் இலெக்ரிக் ஆகியவற்றுடன் சேர்ந்து நடத்திய ‘மல்ரிக்ஸ்’ என்ற பெருந்திட்டத்திலிருந்து பெல் ஆய்வுகூடம் 1969 இல் விலகியது. அதிலே பணியாற்றிய கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் ஒதுக்கப்பட்டுக் கிடந்த சிறிய கணனியொன்றிலே அவ்வாண்டு யுனிக்ஸை எழுதத் தொடங்கினர். அவர்கள் விரும்பியது தனித்த கருவியொன்றை அன்று. பலர் ஒருங்கே கூடி நிரல் எழுதக்கூடிய சூழலையே. பெரிய கணனி வாங்குவதற்குப் பணம் கிடைத்தது வேறொரு காரணத்தினால்: ஆய்வுகூடத்தின் ஆக்கவுரிமைப் பிரிவினர் தம் விண்ணப்பங்களைத் தட்டச்சுச் செய்து ஒழுங்குபடுத்த அம்முறைமை 1971 இல் பயன்பட்டது. பிற்காலத்திலே உலகெங்கும் பகிரப்பட்ட மென்பொருளொன்று ஆக்கவுரிமைகளைப் பதிவுசெய்யும் பிரிவின் நிழலிலே வளர்ந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1956 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி கம்பனி மென்பொருள் வணிகத்தில் இறங்க முடியாது. எனவே யுனிக்ஸ் சிறு கட்டணத்துக்கு, மூல நிரலோடு, பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. பராமரிப்பு உத்தரவாதம் எதுவும் இல்லாமையால் பயன்படுத்துவோர் தாமே பிழைகளைத் திருத்தித் தம்முட் பகிர்ந்துகொண்டனர். பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் தனது திருத்தங்களைத் தொகுத்து 1978 முதல் வெளியிட்டது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜோன் லயன்ஸ் மாணவருக்காக 1970களின் நடுப்பகுதியில் அந்நிரலுக்கு ஓர் உரை வகுத்தார். பழந்தமிழ் நூல்களுக்கு உரையாசிரியர் செய்த பணியை ஒத்தது இது: வரியை வரியாக விளக்கி, மூலத்தைப் பிறர் கற்கும்படி ஆக்குதல்.

1979 இல் வெளியான ஏழாம் பதிப்பின் உரிமம் மூல நிரலை வகுப்பிலே கற்பிப்பதைத் தடுத்தது. லயன்ஸின் உரை நிழற்படப் பிரதிகளாக மறைவிலே கைமாறியது. அது பகிரங்கமாக அச்சேற 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. 1984 ஜனவரியிலே பெல் குழுமம் பிரிக்கப்பட்டதும் கம்பனிமீதிருந்த வணிகத் தடை நீங்கியது; யுனிக்ஸ் விலைப் பொருளாயிற்று. 1992 இல் பேர்க்லியின் வழிவந்த நிரல்மீது வழக்கும் தொடரப்பட்டு 1994 இல் இணக்கமாக முடிந்தது. ஆனால் ஒருமுறை கூடி உழைக்கக் கற்றோர் கதவு அடைபட்டதும் வீடு திரும்பிவிடவில்லை. ரிச்சட் ஸ்ரோல்மன் 1983 இல் கட்டற்ற முறைமையொன்றை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தார். யுனிக்ஸைக் கற்பிக்க இயலாமற்போன அன்ட்ரூ ரனன்போம், மாணவர்க்கென மினிக்ஸ் என்ற முறைமையை 1987 இல் வெளியிட்டார். அதனைப் பயன்படுத்திய பின்லாந்து மாணவர் லினஸ் ரோவல்ட்ஸ் 1991 இல் லினக்ஸைத் தொடங்கினார்.

பெருங் கம்பனிகளும் இறுதியிலே இப்பொதுக் களத்துக்கு வந்து சேர்ந்தன. ஐ.பி.எம். கம்பனி 1998 இல் அபாச்சி என்ற திறந்த மூலக் குழுவுடன் இணைந்தது. 2001 ஆம் ஆண்டிலே லினக்ஸுக்காக நூறு கோடி டொலர் செலவிடப்போவதாக அறிவித்தது. 2005 இல் 500 ஆக்கவுரிமைகளைத் திறந்த மூல ஆக்கங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை என உறுதியளித்தது. இங்கும் அறத்தோடு கணக்கும் உண்டு: பொதுவான அடித்தளத்தைப் பலரும் சேர்ந்து அமைத்தால், அதன்மேல் தான் விற்கும் பொருளுக்கும் சேவைக்கும் சந்தை விரியும் என்பது அக்கணக்கு.

இவ்வரலாற்றின் ஒரு கிளை எமது நாட்டையும் தொட்டது. ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் இருந்தவாறே அபாச்சி ஆக்கங்களிலே பங்குகொண்ட சஞ்சீவ வீரவரண முதலியோரின் முயற்சியால் 2003 இல் லங்கா சொவ்ட்வெயர் பவுண்டேசன் நிறுவப்பட்டது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளின் பின் காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றின் விவரங்களை ஒழுங்குபடுத்த இலங்கைத் தொண்டர்கள் ‘சகன’ என்னும் மென்பொருளை எழுதினர். லினக்ஸ், அபாச்சி முதலிய திறந்த ஆக்கங்களின்மேல் எழுப்பப்பட்டமையால் அதனைச் சில நாள்களிலேயே இயக்கத் தொடங்க முடிந்தது. உரிமக் கட்டணத்துக்குச் செலாவணி தேடும் நிலை அங்கே எழவில்லை. 2005 இல் பாகிஸ்தானிலே நிலநடுக்கம் ஏற்பட்டபோது அதே மென்பொருள் அங்கும் பயன்பட்டது. பெரும் ஆய்வுகூடங்கள் இல்லாத நாடுகளுக்குத் திறந்த கதவின் பொருள் யாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியைக் காண்பது அரிது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, கம்பனியினுள்ளே கூட்டு முயற்சி தானாக எழுவதில்லை; நிலையான பணமும், பல துறையினரை ஓரிடத்தில் இருத்தும் அமைப்பும், பெருமையை நேர்மையாகப் பங்கிடும் மரபும் அதற்கு வேண்டும். மூன்றாவது குறைந்தபோது ஷொக்லியின் குழு சிதைந்ததைக் கண்டோம். இரண்டாவது, வெளிநோக்கிய திறப்பு நல்லெண்ணத்தினால் மட்டும் நிகழ்வதில்லை. சட்டமும் நலனும் ஒரே திசையிற் செல்லும்போது அது நிகழ்கின்றது. அவை திசைமாறும்போது கதவும் மூடுகின்றது. மூன்றாவது, திறந்த கதவினால் நுழைவதற்கு நுழைவோரிடமும் ஆற்றல் வேண்டும். 1952 இல் கற்பிக்கப்பட்டமையால் சிறிய கம்பனிகள் அவ்வாற்றலைப் பெற்றன. லயன்ஸின் உரையினால் மாணவர் பெற்றனர்.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றே. கம்பனிகளின் தாராள குணத்தை வாழ்த்திக்கொண்டிருப்பதாற் பயன் குறைவு. அறிவைப் பகிர்வது அவற்றுக்கு இலாபமாகவும், மறைப்பது இழப்பாகவும் அமையும் விதிகளை வகுப்பது சமுதாயத்தின் கடன். பகிரப்படும் அறிவைக் கையேற்று வளர்க்கத்தக்க மனிதரை ஆக்குவது பல்கலைக்கழகங்களின் கடன். முதலாவது கடன் பெரிய நாடுகளின் நீதிமன்றங்களிலே நிறைவேறலாம். இரண்டாவதை எமக்காகப் பிறர் எவரும் நிறைவேற்றமாட்டார்.